முதலில் பார்த்தவர் யாரிடம் சொல்ல வேண்டும்?

2020 ஜூன் 20-ஆம் தேதி, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் அரசு மருத்துவமனைக்கு இரண்டு பேரைப் போலீசார் அழைத்து வந்தார்கள். ஒருவர் ஜெயராஜ், மற்றவர் அவருடைய மகன் பென்னிக்ஸ். ஊரடங்கு நேரம் தாண்டியும் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று முந்தின நாள் மாலை காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள். அன்று இரவு முழுக்க அங்கே என்ன நடந்தது என்பதைப் பின்னால் சி.பி.ஐ. தன் குற்றப்பத்திரிகையில் எழுதியது, நாடே படித்தது. ஆனால் 20-ஆம் தேதி மருத்துவமனையில் அவர்களுக்குக் கிடைத்தது, சிறைக்கு அனுப்பத் தகுந்த உடல்நிலையில் இருக்கிறார்கள் என்ற சான்று. மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவிட்டார். கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். 22-ஆம் தேதி இரவு மகனும், 23-ஆம் தேதி காலை தகப்பனாரும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள்.

போலீசாரைப் பற்றி அதன் பிறகு நிறைய எழுதப்பட்டது. எழுத வேண்டியதுதான். குறைவாகப் பேசப்பட்டது இன்னொன்று: காவல் நிலையத்துக்கும் சிறைக்கும் நடுவில், அந்த இரண்டு உடம்புகளையும் பார்க்கும் கடமையோடு நின்ற முதல் வெளியாள் ஒரு மருத்துவப் பணியாளர். அன்றைக்கு நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு, கைதானவரைச் சோதிக்கும் மருத்துவர் உடம்பில் உள்ள காயங்களையும் அடித்த தடயங்களையும், அவை ஏறக்குறைய எப்போது உண்டானவை என்பதையும் எழுதி வைக்க வேண்டும் என்றது. அதன் நகலைக் கைதானவருக்கே தர வேண்டும் என்றும் சொன்னது. இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே விதி 53-ஆவது பிரிவாக இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. சித்திரவதைக்குத் துணை போகக் கூடாது என்பதோடு நிற்காமல், வேறொருவர் செய்த சித்திரவதையை மறைப்பதற்கும் மருத்துவர் உடந்தையாகக் கூடாது என்று அதன் 6.6-ஆவது விதி தெளிவாகச் சொல்கிறது. ஆக, சட்டம் இல்லாததால் வந்த வினை அல்ல அது. கூடவே நிற்கும் காவலரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் யாரும் துணைக்கு இல்லாமல், ஒரு சிற்றூர் மருத்துவமனையில் அந்தச் சட்டத்தை நிறைவேற்ற வேண்டியிருந்ததுதான் வினை.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வழக்கைப் பற்றியது அல்ல. அந்த வழக்கு கிளப்பிய கேள்வியைப் பற்றியது. வயதுக்கு வந்தவராக இருந்தும் தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத ஒருவர் கொடுமைக்கு ஆளாகியிருக்கிறார் என்பதை, அவசர மருத்துவப் பணிக்கு வந்தவர் பார்த்துவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும்? யாரிடம் சொல்ல வேண்டும்? சொன்னவருக்கு என்ன காவல்? லாக்அப்பில் இருப்பவர், படுக்கையில் கிடக்கும் முதியவர், மனநோயால் பேச்சு ஒழுங்காக வராதவர், சங்கு குளிக்கப் போய் நீரழுத்தம் தாக்கிக் கால் விளங்காமல் போனவர், ஆண்டுக்கணக்கில் உப்பளத்தில் உழைத்துக் கண் மங்கிப் போனவர். இவர்கள் எல்லாருக்கும் பொதுவானது ஒன்றுதான்: தங்களைக் கொடுமைப்படுத்துபவரின் கையைத் தாண்டித்தான் அவர்களால் வெளியுலகத்துக்கு ஒரு சொல்லைக் கொண்டுபோக முடியும்.

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் இந்த நிலை கூர்மையாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. முத்துக்குளிப்பு 1961-உடன் முடிந்துபோனது. துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமானது. வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை உள்ள ஊர்களில் ஆண்பிள்ளைகள் கப்பலிலும், வளைகுடா நாடுகளிலும், சென்னையிலும் இருக்கிறார்கள். காயல்பட்டினம், உடன்குடிப் பக்கத்தில் இது தலைமுறைப் பழக்கம். பணம் வருகிறது, ஆள் வருவதில்லை. வீட்டில் இருப்பவர்கள் முதியவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் யாரோ ஒருவரும்தான். பல வீடுகளில் அந்த யாரோ ஒருவர் தெய்வம் மாதிரி பார்த்துக்கொள்கிறார். சில வீடுகளில் அப்படி இல்லை. எந்த வீடு எது என்பது, ராத்திரி 108 ஆம்புலன்ஸ் வண்டி வந்து நிற்கும்போதுதான் வெளியாளுக்குத் தெரிகிறது.

அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மூச்சு வாங்குகிறது என்று அழைப்பு. உள்ளே கட்டிலில் ஒரு ஆச்சி. வண்டியில் வந்த இ.எம்.டி. (அவசர மருத்துவத் தொழில்நுட்பர்) நாடி பிடித்தபடியே, "ஆச்சி, எங்க வலிக்கி?" என்று கேட்கிறார். பதில் வாசலில் நிற்பவரிடமிருந்து வருகிறது: "குளிக்கப் போகையில வழுக்கி விழுந்துட்டாவ." ஆச்சியிடம் மறுபடி கேட்டால் அவர் முதலில் வாசலைப் பார்க்கிறார். பிறகுதான், "ஆமாய்யா, விழுந்துட்டேன்" என்கிறார். படுக்கை விரிப்பு நாள்கணக்கில் மாற்றப்படவில்லை. இடுப்பெலும்புக்கு மேல் புண் ஆழமாகப் போயிருக்கிறது. மாத்திரை அட்டைகள் உடைக்கப்படாமலே சன்னலில் இருக்கின்றன. மேல்கையின் உட்பக்கத்தில் விரல்கள் பதிந்தது போல நான்கு நீலத் தடங்கள். கட்டில் காலில் ஒரு பழைய சேலைத்துண்டு முடிச்சோடு தொங்குகிறது. அது ஆச்சி கீழே விழாமல் இருக்கக் கட்டியதா, எழுந்து வெளியே போகாமல் இருக்கக் கட்டியதா? இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு.

இ.எம்.டி.க்கு அங்கே இருப்பது சில நிமிடங்கள். ஆக்சிஜன் வைத்து, ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, வழியில் இரத்த அழுத்தம் பார்த்து, படிவத்தை நிரப்பி, மருத்துவமனை கேஷுவால்டியில் ஒப்படைத்துவிட்டு அடுத்த அழைப்புக்கு ஓட வேண்டும். பணியிலுள்ள மருத்துவர், கூட வந்தவரிடம் கேட்டு, விபத்துப் பதிவேடான ஏ.ஆர். புத்தகத்தில் 'வீட்டில் தவறி விழுந்ததாகச் சொல்கிறார்' என்று எழுதுகிறார். மருத்துவர் பார்ப்பது உடம்பை மட்டும். விரிப்பையும் மாத்திரை அட்டையையும் சேலை முடிச்சையும் பார்த்தவர் இ.எம்.டி. ஒருவர்தான். ஒப்படைக்கும் இடத்தில் அந்தச் சாட்சியம் அப்படியே விழுந்து போகிறது. இந்தப் பிரச்சினையின் மையம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். மருத்துவரின் கடமையைப் பற்றி நம் நாட்டில் ஓரளவு சட்டமும் தீர்ப்பும் உண்டு. வீட்டுக்குள் போய்ப் பார்த்தவரின் கடமையைப் பற்றி ஏறக்குறைய எதுவும் இல்லை.

108 சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. இன்று 1,300-க்கு மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. அதில் வேலை பார்க்கும் இ.எம்.டி.களும், பைலட் என்று அழைக்கப்படும் ஓட்டுநர்களும் அரசு ஊழியர்கள் அல்ல. அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனத்தின் ஊழியர்கள். நீண்ட நேர ஷிப்டுக்கும் ஊதியத்துக்கும் பலமுறை போராடியவர்கள். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அவசர மருத்துவத் தொழில்நுட்பரைத் தனித் தொழிலராக அங்கீகரித்திருக்கிறது. தொழில் அங்கீகாரம் வந்தால் தொழில் கடமையும் பின்னால் வரும். அதை எப்படி வகுப்பது என்று யோசிக்க இதுவே சரியான நேரம்.

இப்போது சட்டம் எங்கே நிற்கிறது? ஒட்டுப்போட்ட துணி மாதிரி நிற்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளானது குழந்தை என்றால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்; சொல்லாவிட்டால் 6 மாதம் வரை சிறை. பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு என்றால் வயது எதுவானாலும் மருத்துவமனை உடனே இலவசச் சிகிச்சை தர வேண்டும், போலீசுக்கும் தெரிவிக்க வேண்டும். குடும்ப வன்முறைக்கு ஆளான பெண் மருத்துவமனைக்கு வந்து, அதுவரை சம்பவ அறிக்கை எதுவும் பதிவாகியிருக்கவில்லை என்றால், மருத்துவமனைப் பொறுப்பாளரே படிவத்தை நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. மாற்றுத்திறனாளி என்றால் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு வருகிறது: கொடுமை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருக்கும் எவரும் நிர்வாக நடுவருக்குத் தகவல் தரலாம். 'தரலாம்', அவ்வளவுதான். ஆனால் தகவல் கிடைத்துவிட்டால் நடுவர் உடனே செயல்பட்டாக வேண்டும்.

முதியவர் என்றால்? 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் உண்டு. முதியவரைக் கைவிட்டுப் போனால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. பார்த்தவர் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி கூட அதில் இல்லை. முதியவர் மீதான கொடுமையை விரிவாக வரையறுக்க 2019 டிசம்பரில் மக்களவையில் வந்த திருத்த மசோதா, நிறைவேறாமலே அந்த அவையோடு காலாவதியாகிவிட்டது. குற்றம் பற்றிய தகவலைப் பொதுமக்கள் சொல்லியாக வேண்டும் என்னும் பொதுவான சட்டப்பிரிவு ஒன்று உண்டு. அதன் பட்டியலில் கொலையும் கொள்ளையும் இருக்கின்றன. தாயை மகன் அடித்துக் காயப்படுத்துவது இல்லை.

இந்த வரிசையில் ஒரு சட்டம் மட்டும் தனித்து நிற்கிறது. அதன் வேர் இதே மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். ஏர்வாடி தர்காவுக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வந்து போனார்கள். சங்கிலிகள் யார் கண்ணுக்கும் மறைவாக இருக்கவில்லை. நோயாளிகளுக்குக் காய்ச்சல் வந்திருக்கும், வயிற்றுப்போக்கு வந்திருக்கும், காலில் புண் வந்திருக்கும். மருந்து கொடுக்க யாரோ வந்திருப்பார்கள். எத்தனையோ பேர் பார்த்த ஒன்றைச் சொல்வது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து வந்த 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வகையிலும் கூடாது என்றது. மனநோய் உள்ளவரைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவரே கொடுமைப்படுத்துகிறார் அல்லது கவனிக்காமல் விடுகிறார் என்று நம்பக் காரணம் இருக்கும் எவரும் அதைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்று 101-ஆவது பிரிவில் எழுதியது. இங்கே 'தரலாம்' இல்லை, 'வேண்டும்' இருக்கிறது. மனநோய் உள்ள பெரியவருக்கு நாடு முழுவதற்குமாக இப்படி ஒரு விதி இருப்பது ஆம்புலன்ஸ் பணியாளர்கள் எத்தனை பேருக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது? சட்டம் எழுதி எட்டு ஆண்டு கடந்த பிறகும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருப்பது வேதனை.

அப்படியானால் எல்லாருக்கும் 'வேண்டும்' என்று எழுதிவிட்டால் தீர்ந்ததா? அமெரிக்காவின் பல மாநிலங்கள் அப்படித்தான் செய்தன. கலிபோர்னியாவில் முதியவர் மீதோ, பிறரைச் சார்ந்திருக்கும் பெரியவர் மீதோ கொடுமை நடந்ததாகச் சந்தேகம் வந்தால் ஆம்புலன்ஸ் பணியாளர் உடனே தொலைபேசியில் சொல்ல வேண்டும். இரண்டு வேலை நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை. நியூயார்க் அந்த வழியில் போகவில்லை. இங்கிலாந்து வேறு வழி எடுத்தது. 2014-ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, தனி ஆளைத் தண்டனை காட்டி மிரட்டாமல், தகவல் வந்தால் விசாரித்தே ஆக வேண்டும் என்று உள்ளாட்சி அமைப்பின் தலையில் பொறுப்பை வைத்தது. ஸ்காட்லாந்தின் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்ல வேண்டிய கடமையையும் பொது நிறுவனங்களின் மேல் சுமத்தியது. கடலுக்கு அக்கரையில் இலங்கை 2000-ஆம் ஆண்டிலேயே முதியோர் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவின் உதவியோடு 2016-இல் தொடங்கிய, 1990 என்ற எண்ணில் அழைக்கும் சுவசெரிய ஆம்புலன்ஸ் 2018-இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. இருந்தும் அந்தச் சட்டத்தையும் அந்த வண்டியையும் இணைக்கும் கண்ணி அங்கேயும் பலமாக இல்லை.

கட்டாயத்துக்கு எதிரான வாதத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தை விஷயத்தில் நம் அனுபவமே பாடம். போக்சோ சட்டத்தின் கட்டாயத்தால், காதலித்துக் கருவுற்ற 17 வயதுப் பெண்ணும் மருத்துவமனைக்கு வர அஞ்சினாள்; போலி மருத்துவர்களிடம் போனாள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமி கேட்டுக்கொண்டால் அவள் அடையாளத்தை மருத்துவர் வெளியிடத் தேவையில்லை என்று சொல்லி அந்தக் கட்டாயத்தைத் தளர்த்த வேண்டியிருந்தது. பெரியவர்களிடம் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். ஆச்சிக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது. தனியாக இருக்கும்போது மெதுவாகக் கேட்டால், "போலீசுக்குப் போயிராதீய, அவன் எம்புள்ளய்யா" என்கிறார். மகன் சிறைக்குப் போனால் தனக்குக் கஞ்சி ஊற்ற ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் சொல்லுக்கு மதிப்பில்லை என்று சட்டம் எழுதினால், அடித்தவன் பறித்துக்கொண்டதையே சட்டமும் பறிக்கிறது. அடுத்த முறை 108-க்கு அழைப்பே வராது. வீட்டிலேயே இறந்துபோவார்.

வீட்டிலேயே இறந்துபோவது என்பது நம் பக்கத்தில் எவ்வளவு சுலபமாகக் கேள்வியின்றி நடக்கும் என்பதற்கு, அண்டை மாவட்டமான விருதுநகரிலும் மதுரை, தேனிப் பக்கத்திலும் நடந்த தலைக்கூத்தல் சாட்சி. அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் இளநீராகக் கொடுத்து, ஓரிரு நாளில் காய்ச்சலும் சிறுநீரகச் செயலிழப்புமாக முடித்துவிடும் வழக்கம். 2010-இல் விருதுநகர் மாவட்டத்தில் முதியவர் ஒருவர் தனக்கு நாள் குறிக்கப்பட்டதை அறிந்து தப்பி ஓடிய பிறகுதான் செய்தித்தாள்கள் அதைப் பெரிதாக எழுதின. பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' படம் அதைத் திரைக்குக் கொண்டுவந்து தேசிய விருதும் பெற்றது. வயதானவர் காய்ச்சலில் இறந்தார் என்றால் யாரும் பிரேதப் பரிசோதனை கேட்பதில்லை. அந்தக் கடைசி நாள்களில் வீட்டுக்குள் போகக்கூடிய வெளியாள்கள் மூன்று பேர்: கிராமச் சுகாதாரச் செவிலியர், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர், 108 பணியாளர். கடமையைப் பற்றிப் பேசும்போது இந்த மூவரையும் சேர்த்தே பேச வேண்டும்.

கொடுமையை அடையாளம் காண முடியுமா என்ற கேள்விக்கு ஓரளவு நல்ல பதில் இருக்கிறது. கலிபோர்னியாவில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், 101 முதியவர்களின் உடம்பில் தற்செயலாக உண்டான கன்றல்களை நாள்தோறும் பார்த்தார்கள். ஏறக்குறைய 90 சதவீதம் கை கால்களில் இருந்தன. கழுத்தில், காதில், பிட்டத்தில், உள்ளங்காலில் ஒன்று கூட இல்லை. கன்றலின் நிறத்தை வைத்து வயது சொல்லும் பழைய பாடமும் அதில் பொய்த்தது. முதல் நாளே மஞ்சளாக இருந்தவை உண்டு. அப்படியானால் நிறத்தைப் பார்ப்பதை விட இடத்தைப் பார்க்க வேண்டும். சாத்தான்குளம் வழக்கில் பேசப்பட்டவையும் பிட்டத்துக் காயங்கள்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கென்றே ஒரு சிறு கேள்விப்பட்டியல் உருவாக்கினார்கள். வீட்டின் நிலை, முதியவருக்கும் பார்த்துக்கொள்பவருக்கும் இடையிலான பேச்சு, உடம்பில் தெரிவது என்று ஆமாம்-இல்லை கேள்விகள். முன்னோட்டத்திலேயே தகவல் தருவது மூன்று மடங்குக்கு மேல் ஆனது. பணியாளர்கள் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. பார்த்ததை எழுத இடம் கிடைத்தது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு, 60 வயது தாண்டியவர்களில் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு கொடுமைக்கு ஆளாகிறார் என்கிறது. 2017-18-இல் இந்தியா முழுக்க நடந்த முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வில், அப்படிச் சொன்னவர்கள் 5 சதவீதம் அளவே. நம் முதியவர்கள் பாக்கியசாலிகள் என்று இதற்குப் பொருள் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்கும்போது வீட்டார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் முதியோர் 13 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள்.

இனி முக்கியமான இடம்: யாரிடம் சொல்வது? நம் சட்டங்களில் பெரும்பாலும் தகவல் போலீசுக்கே போகிறது. சாத்தான்குளத்துக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் அதை மட்டும் நம்பச் சொல்ல எனக்கு நா எழவில்லை. 2020 ஜூன் இறுதியில் நடந்ததை மறக்கக் கூடாது. விசாரணைக்குப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசனுக்குக் காவல் நிலையத்தில் ஒத்துழைப்பு கிடைக்கவில்லை, அவமதிப்புத்தான் கிடைத்தது. உயர் நீதிமன்ற நீதிபதிகள் பி.என்.பிரகாஷ், பி.புகழேந்தி அமர்வு அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரும்படி மாவட்ட ஆட்சியரிடம் சொன்னது. அதே நிலையத்தில் பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி, அன்று இரவு தான் கண்டதை நடுவரிடம் சொன்னார். அவருக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு தரும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கண்டதைச் சொல்ல ஒருவர் துணிந்தபோது, கேட்க வேறு ஓர் அதிகாரமும் காக்க ஒரு நீதிமன்றமும் இருந்தன. சொல்லும் கடமையை எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும்.

முதியவர், மாற்றுத்திறனாளி விஷயத்தில் அந்த வேறு அதிகாரம் ஏற்கெனவே இருக்கிறது. பராமரிப்புத் தீர்ப்பாயத்தின் தலைவர் கோட்டாட்சியர். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, யாரும் மனு போடாமலே தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுக்கலாம் என்கிறது. மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்லும் நிர்வாக நடுவர் அதிகாரமும் கோட்டாட்சியரிடம் இருக்கிறது. தூத்துக்குடி, திருச்செந்தூர், கோவில்பட்டி என்று மாவட்டத்தில் மூன்று கோட்டங்கள். ஆகவே 108 பணியாளரின் ஒரு பக்கப் படிவம் அந்தந்தக் கோட்ட அலுவலகத்துக்குப் போகட்டும். நகல் மாவட்டச் சமூகநல அலுவலருக்குப் போகட்டும். போலீசுக்குப் போக வேண்டுமா என்பதைக் கோட்டாட்சியர் அந்த முதியவரைத் தனியே கேட்டு முடிவு செய்யட்டும். இதற்குப் புதுச் சட்டம் கூடத் தேவையில்லை. அரசாணையும் பயிற்சியும் போதும். கொலை முயற்சி, பாலியல் வன்கொடுமை போன்றவற்றுக்கு இப்போதுள்ளபடி போலீஸ் வழி தொடரும்.

காவலில் இருப்பவர் விஷயத்தில் மட்டும் நான் வேறு மாதிரி சொல்வேன். அங்கே பாதிக்கப்பட்டவரின் விருப்பத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க இடமில்லை. பக்கத்தில் லத்தியோடு நிற்பவர் முன்னால் யார் என்ன விருப்பம் சொல்ல முடியும்? காயத்தைக் கண்ட மருத்துவப் பணியாளர் அதை அன்றைக்கே நேரடியாக நீதித்துறை நடுவருக்கும் மாவட்ட முதன்மை நீதிபதிக்கும் அனுப்ப வேண்டும். சோதனை நடக்கும் அறைக்குள் காவலர் நிற்கக் கூடாது. ஐ.நா.வின் இஸ்தான்புல் நெறிமுறை 1999-இலிருந்து சொல்லிவருவது இதைத்தான். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை.

சொல்பவருக்கான காவல் என்பது பெரிய வார்த்தையாகத் தெரியலாம். நடைமுறையில் அது சிறிய விஷயங்களால் ஆனது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்குத் தொடர முடியாது என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த ஒரு வரி முதியோர் சட்டத்துக்கும் வேண்டும். மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் தண்டனை தரும் தமிழ்நாட்டின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் மறுநாளும் அதே ஊருக்கு அதே வண்டியில் போக வேண்டியவர் அந்த இ.எம்.டி. ஆகவே தகவல் அவர் பெயரில் போகக் கூடாது. 108 மையத்தின் பெயரில் போக வேண்டும். நீதிமன்றச் சம்மன் வந்தால் அன்றைய ஊதியம் பிடிக்கப்படாமல் விடுப்பு கிடைக்க வேண்டும். ஒப்பந்த ஊழியருக்கு ஒரு நாள் ஊதியம் என்பது பள்ளிக் கட்டணத்தில் ஒரு பங்கு. அதை இழக்கச் செய்துவிட்டுக் கடமையைப் பற்றிப் பாடம் எடுப்பது நியாயம் இல்லை.

இன்னொரு கேள்விக்கும் பதில் தயாராக இருக்க வேண்டும்: சொன்ன பிறகு ஆச்சி எங்கே போவார்? சென்னை கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மையம் இங்கிருந்து 600 கிலோமீட்டர். மாவட்டத்துக்குள்ளேயே, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், கொடுமைக்கு ஆளானவரைச் சில வாரங்கள் வைத்துப் புண்ணை ஆற்றி, வீட்டாரைக் கூப்பிட்டுப் பேசி, தேவையானால் மாற்றிடம் தேட ஒரு சிறிய வார்டு வேண்டும். ஒரு சமூகப் பணியாளரும் இரண்டு செவிலியரும் அதற்கென்றே இருக்க வேண்டும். பல வீடுகளில் கொடுமைக்குக் காரணம் குரூரம் அல்ல, களைப்பு. ஒரே மருமகள் பத்து ஆண்டு படுக்கை விரிப்பை மாற்றி மாற்றித் தேய்ந்து போயிருக்கிறாள். அவளுக்கு வாரம் இரண்டு நாள் ஆள் உதவி கிடைத்தால் அந்த வீட்டில் கை ஓங்குவது நிற்கலாம். அதையும் கோட்டாட்சியர் உத்தரவிட முடிகிற மாதிரி நிதி ஒதுக்க வேண்டும்.

கடைசியாக, படிவத்தை அனுப்பிய 108 மையத்துக்கு, அதன் பேரில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கோட்ட அலுவலகத்திலிருந்து குறிப்பிட்ட நாள்களுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். முதல் இரண்டு படிவத்துக்குப் பதிலே வராவிட்டால் மூன்றாவதை யாரும் எழுத மாட்டார்கள்.